மணவாட்டி யென்னும் உருவகமும் சித்தாந்த நோக்கும்

பிறர் சமயக் கொள்கையை ஆராயப் புகுவோர் முன்னர் அதனை அச்சமயத்தார் நூல்கொண்டே அவர் கருத்துப்படி விளங்க அறிதல் வேண்டும். அறிந்த பின்னரே கொள்வதும் தள்ளுவதும் முறையாம். அருணந்தி சிவாசாரியர் தமது சித்தியாரிற் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தமையும், உமாபதி சிவாசாரியர் கி.பி. 1313இல் சங்கற்ப நிராகரணம் இயற்றியபோது ஒவ்வொருவர் கூற்றையும் அவரவர் வாய்மொழியாக நிறுத்திப் பின் மறுத்தமையும் இம்முறை பற்றியே. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் பீற்றர் பார்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியில் உழைத்து, அதனைத் துறைபோகக் கற்ற பின்னரே 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார். இம்முறை வழுவி யான் ஒருகால் விரைந்து விடை கூறினேன். அவ்விடையைத் திருத்திக் கொள்வதற்கே இக்கட்டுரை எழுதலாயிற்று.

பண்டு தொடுவட்டி யென வழங்கிய மார்த்தாண்டத்தில் யான் முப்பதாண்டுக்கு மேல் தமிழ் பயிற்றினேன். என்பாற் படித்தோருட் பாதிக்குமேல் கிறிஸ்தவர். அவருள் ஒருவர் தம் மகன் திருமணத்துக்கு அழைத்திருந்தார். போதகர், பவுலடிகள் எபேசியர்க்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்து, திருச்சபை மணவாட்டி, கிறிஸ்துவே மணவாளன் என விரித்துரைத்தார். பந்தியிருந்தபோது என்னருகில் வந்து, "ஐயா, இதற்கு நிகரான கருத்து உங்கள் சமயத்தில் உண்டா?" என அன்போடு வினவினார். யானோ, "இதனினும் மேலானது எம்மிடம் நெடுங்காலமாக உண்டு" என்று கூறி இலைமேற் கண்வைத்தேன். அப்போது பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, அவரும் என் பழைய மாணாக்கியே, மெல்லக் கூறினார்: "ஐயா, எது மேல் எது கீழ் என்பது எனக்குத் தெரியாது. மணவாட்டி அடங்கியிருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் வீடுகளில் எல்லார் காதிலும் விழுகிறது. மணவாளன் தன் உயிரைக் கொடுத்தான் என்பது ஒருவர் காதிலும் விழுவதில்லை." அச்சொல்லுக்கு அன்று யான் விடை கூறிலேன். என் விடை செருக்கின்பாற்பட்டதென்பது வீடு வந்து சேருமுன்னரே புலனாயிற்று.

இனி, அவ்வுருவகத்தின் வரலாற்றை அவர் நூல்வழி நின்றே காண்போம். எபிரேயர் வேதத்தில் ஓசியா என்னும் தீர்க்கர், தம்மை நீங்கி ஒழுக்கம் பிறழ்ந்த மனைவியை மீண்டும் ஏற்றுக்கொண்ட செயலையே, இறைவன் இஸ்ரவேல் மக்களை மீட்டுக்கொள்ளும் அருட்கு அடையாளமாகக் காட்டினார். ஆகவே இவ்வுருவகம் தோன்றிய இடம் மணப்பந்தலன்று. முறிந்துபோன ஒரு மணத்தின் துயரமேயாம். ஏசாயா, எசேக்கியேல் என்போரும் இதனை வழிமொழிந்தனர். உன்னதப்பாட்டென்னும் காதற்பாடல் நூலையும் யூதர் இறைவனுக்கும் தம் குலத்துக்கும் உள்ள அன்பாகக் கொண்டனர். பின்னர்ப் பவுலடிகள் அவ்விடத்திற் கிறிஸ்துவையும் சபையையும் வைத்தார். வெளிப்படுத்தின விசேஷம் என்னும் இறுதி நூல், ஆட்டுக்குட்டியானவரின் திருமணம் எனவும், விண்ணினின்று இறங்கும் புதிய எருசலேம் அலங்கரித்த மணமகள் எனவும் கூறி முடிக்கின்றது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்பார் உன்னதப்பாட்டின் தலைவியைச் சபை எனவும் தனியான்மா எனவும் இருவகையாகவும் உரைத்தார். 1153இல் மறைந்த பெர்னார்டு முனிவர் அந்நூலின்மேல் எண்பத்தாறு சொற்பொழிவு நிகழ்த்தியும் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்துக்கு அப்பாற் செல்லவில்லை. இவற்றால், சபையே மணமகள் என்னும் கருத்து முதலும், ஒவ்வோர் ஆன்மாவும் மணமகளே என்னும் கருத்து அதன் வழியதுமாக அவரிடத்து நிலவுதல் அறியப்படும்.

இக்கருத்து தமிழ் உடை உடுத்து வந்த இடம் பெத்லகேம் குறவஞ்சி. அதனை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியிற் பிறந்தவர். சுவார்ச்சு பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பெற்று, பின்னர் அரசரான இரண்டாம் சரபோசியோடு அவர்பாற் கல்வி பயின்றவர். 1864இல் மறைந்தவர். அவர் காலத்துத் தஞ்சையிலேயே கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். ஒரே நகரில் ஒரு குறவஞ்சித் தலைவி மன்னனைக் காதலித்தாள். மற்றொருத்தி கிறிஸ்துவைக் காதலித்தாள். சாஸ்திரியாரின் தலைவி சீயோன் மகளாகிய தேவமோகினி, அவளே திருச்சபை. குறி சொல்ல வருபவள் விசுவாசம். இறுதியிற் சிங்கன் வலைவீசும் பகுதியும் ஆன்மாக்களை நன்னெறிப்படுத்தும் தொண்டாகப் பொருள் மாற்றப்பெறுகின்றது.

புலவர் இவ்விலக்கியத்தைத் தேர்ந்தமை வியக்கத்தக்கது. பரணியோ உலாவோ பாடியிருப்பின் இத்துணைப் பொருத்தம் வாய்த்திராது. என்னை? குறவஞ்சியின் உயிர்நாடி காத்திருத்தல். திருக்குற்றாலக் குறவஞ்சியை ஓதினோர் இதனை நன்கறிவர். தலைவன் பவனி வருகின்றான், தலைவி காண்கின்றாள், அவன் அகல்கின்றான், அவள் வாடுகின்றாள், குறத்தி வந்து கைபார்த்து, அவன் உறுதியாக வருவான் என்கின்றாள். ஒருமுறை வந்து சென்றவன் மீண்டும் வருவான் என்பதே கிறிஸ்தவர் கொள்கை. சென்றதற்கும் வருவதற்கும் இடைப்பட்ட காலத்தில் நிற்பவளே திருச்சபை. ஆதலின் தமிழர் கண்ட ஒரு சிற்றிலக்கிய அமைப்பு, அயலார் சமயத்தின் காலக் கொள்கையைச் சிறிதும் நெகிழாமல் ஏற்றுக்கொண்டது. குறி என்பது தீர்க்கதரிசனமாகவும், குறத்தி என்பாள் விசுவாசமாகவும் ஆனதும் இயல்பாகவே பொருந்திற்று.

இதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. குறவஞ்சியில் தலைவி உயர்குடியினள், மாளிகையில் வாழ்பவள். குறத்தியோ மலைவாணத்தி; கூடை சுமந்து தெருவில் வருபவள். எனினும் தலைவன் செய்தி மாளிகையார் ஒருவர்க்கும் தெரியாது. தெரிந்தவள் குறத்தி ஒருத்தியே. உயர்ந்தவள் தாழ்ந்தவள்முன் கையை நீட்டி நின்றாலன்றித் தன் நாயகனை அறியாள். விசுவாசத்தைக் குறத்தியாக்கிய புலவர் இவ்வமைப்பினுள் ஒரு பேருண்மையைப் பொதிந்துவைத்தார். அதனைத் தம் வாழ்க்கையிற் கண்டாரோவெனின், அஃது ஐயத்துக்கிடமாகின்றது. 1820ஆம் ஆண்டுகளில், கோவிலில் சாதிபற்றிய இருக்கை வேற்றுமையை நீக்க முற்பட்ட மிஷனரிமாரோடு தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர் முரணியபோது, சாஸ்திரியார் அவ்வேற்றுமையின் சார்பில் நின்று எழுதினார். ஏட்டிற் குறத்திக்குக் கைகொடுத்தவர் கோவிலில் அவளோடு ஒருங்கிருக்க உடன்படவில்லை. மணவாட்டி ஒருத்தியே எனப் பாடியவர், அவள் உடம்பை மேலென்றும் கீழென்றும் கூறுபடுத்தினார். இஃது அவர் பாட்டுக்குக் குற்றமாகாது. பாட்டு அவருக்குக் கூறிய அறிவுரை அவரது செவிக்கு எட்டாமற் போயிற்று என்பதே உண்மை.

இதனைச் சைவர் கேட்டு மகிழற்க. நந்தனார் வரலாற்றை நாள்தோறும் ஓதிய நாமே அவர் குலத்தோரை வாயிலில் நிறுத்தினோம். இத்தென் திருவிதாங்கூரில், சிவராத்திரி நாளில் அடியார் ஓடித் தொழும் சிவாலயம் பன்னிரண்டனுள் ஒன்றாகிய திக்குறிச்சி மார்த்தாண்டத்துக்கு அணித்தேயுள்ளது. அத்தகைய கோவில்களில் எல்லாச் சாதியாரும் புகுந்து வழிபடும் உரிமை 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அரசர் விளம்பரத்தாலன்றோ வந்தது? சிவஞானபோதமும் பெரியபுராணமும் கற்ற நம்மால் வந்ததன்று.

இனி, நம் நெறியில் இவ்வுருவகம் எவ்வாறுளதென ஆராய்வோம். அப்பரடிகள் திருவாரூர்த் திருத்தாண்டகத்தில் ஒரு பெண்ணைக் காட்டுகின்றார். அவள் முதலில் அவன் பெயரைக் கேட்கின்றாள். பின் அவன் இயல்பையும் ஊரையும் கேட்கின்றாள். தாய் தந்தையரையும் உலக வழக்கையும் நீங்குகின்றாள். தன்னையும் தன் பெயரையும் இழந்து அவன் தாளிற் சேர்கின்றாள். ஞானசம்பந்தப் பிள்ளையார் பதிகங்களுட் சில புள்ளைத் தூதுவிடும் மகளிர் கூற்றாக அமைந்துள்ளன. மணிவாசகப் பெருமான் நானூறு துறையிற் கோவையார் அருளினார். ஆதலின், இறைவனை நாயகனாகக் கூறுதல் இழிந்த உடற்காதலைத் தெய்வத்தின்மேல் ஏற்றுவதாம் எனக் கிறிஸ்தவரை இகழும் சைவர், தம் கோவையாரை மறந்தவராவர். அவ்விகழ்ச்சியை அறவே ஒழிக.

அற்றேல், இரு நெறியும் ஒன்றேயோவெனின், அன்று. வேறுபாடு மூன்றுள.

முதலாவது, அவர்க்கு மணமகள் ஒரு கூட்டம், நமக்கு ஓருயிர். இது வெறும் சொல்லளவில் நிற்கும் வேற்றுமையன்று. சித்தாந்தத்தில் ஆணவமலம் ஒன்றேயாயினும், அதன் சத்திகள் உயிர்தோறும் வேறாய் நின்று, தத்தம் காலத்தில் நீங்குவன. மலபரிபாகம் ஒருவர்க்கு இன்றும் மற்றொருவர்க்கு எத்தனையோ பிறவி கடந்தும் எய்தும். சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும். இங்ஙனமாகலின் எல்லார்க்கும் ஒரே மணநாள் குறித்தல் நம் கொள்கைக்கு ஏலாது. அவரோ உயிர்க்குப் பிறவி ஒன்றே என்பர். ஊழியிறுதியில் அனைவர்க்கும் ஒரே நாளில் தீர்ப்பும் திருமணமும் என்பர். ஒரு மணமகள், ஒரு மணநாள் என்பது அக்கொள்கையின் விளைவேயாம். ஆகவே உருவகத்தை மட்டும் எடுத்து, "எம்மிடமும் உண்டு" என்றல் வேரை விட்டு மலரைப் பறித்தலோடொக்கும். பந்தியில் யான் செய்த பிழை இதுவே.

அங்ஙனமாயின் நம்மிடம் கூட்டம் இல்லையோவெனின், உண்டு. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மலம் நீங்கியார் மெய்யன்பரோடு கூடியிருத்தலை விதிக்கின்றது. அவர் திருவேடத்தையும் திருக்கோவிலையும் அரன் எனவே தொழச் சொல்கின்றது. எனவே நம் நெறியில் அடியார் கூட்டம் இறைவனுக்கு மணவாட்டியாகாது. இறைவனாகவே வைத்து வழிபடப்படும். இதுவும் அரியதொரு வேறுபாடு. ஓரிடம் மட்டும் என்னைத் தயங்கச் செய்கின்றது. நல்லூர்ப் பெருமணத்தில் ஞானசம்பந்தர் திருமணம் நிகழ்ந்தபோது சோதி தோன்றிற்று. பிள்ளையார் தாம் மட்டும் புகாமல், மணமகளும் சுற்றத்தாரும் அடியாரும் மணங்காண வந்தோரும் ஆகிய யாவரையும் புகச்செய்து இறுதியிற் புகுந்தார் என்பர் சேக்கிழார். ஒரு மணநாளில் ஒரு கூட்டமே வீடுபெற்ற செய்தி நம் புராணத்தும் உண்டு. ஆசாரியன் அருளால் அவரனைவர்க்கும் பரிபாகம் ஒருங்கே கூடியது எனச் சித்தாந்தி விடை கூறுவன். அவ்விடை நேரிதே. எனினும், தனியே சென்று புகுதலினும் அனைவரையும் முன்விட்டுப் பின் புகுதலே ஆசாரியன் செயல் என்பதை அவ்வரலாறு காட்டிற்று. பிற சமயத்தார் வினாவாதிருந்தால் அவ்விடத்தை யான் இத்துணை ஊன்றி நோக்கியிரேன்.

இரண்டாவது வேறுபாடு, உருவகம் திரும்பக் கூடியதோ என்பது. அவர் நூலில் இறைவன் எஞ்ஞான்றும் மணவாளனே. நம் நூலில் அவ்வரையறை இல்லை. கோவையார்க்கு ஞானப்பொருள் காண்போர் தலைவியைச் சிவமாகவும் தலைவனை ஆன்மாவாகவும் கொள்வர். அப்பர் பாட்டில் உயிர் பெண். கோவையார் உட்பொருளில் உயிர் ஆண். இங்ஙனம் மாறிமாறி வருதலால், இஃது ஒருபுடையுவமையே யன்றி முழுதொப்பன்று என்பது போதரும். அதனாலன்றோ தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என நெறி நான்கு கூறிய ஆசிரியர் நாயகிமார்க்கமென ஒன்றைத் தனியே வகுத்திலர்? கலப்பின் இயல்பைக் கூற வேண்டுமிடத்து, தாளும் தலையும் புணர்ந்து தாடலை என ஒருசொல் ஆதலை எடுத்துக்காட்டினர். அதன்கண் ஆணுமில்லை, பெண்ணுமில்லை.

மூன்றாவது, அவ்வுருவகம் மனைக்குட் புகும் வகை. இதுவே அப்பெண்மணியின் வினா. பவுலடிகள் வாசகத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பார்த்தேன். மனைவியர் பணிதலைக் கூறும் வசனம் மூன்று. கணவர் அன்பு செய்தலைக் கூறுவன அவற்றினும் பல. பணிதலைக் கூறுமுன்னரே ஒருவர்க்கொருவர் பணிக என்னும் கட்டளையும் உண்டு. கணவனுக்குக் காட்டப்பெற்ற அளவுகோல், சபைக்காகத் தன்னை ஒப்புக்கொடுத்து இறந்த ஒருவன். ஆகவே அந்நூலை அவ்வாறே கொள்ளின், கணவனுக்கு அது கொடுப்பது அதிகாரமன்று, சிலுவையாம். மூன்று வசனத்தை உரக்கப் படித்து ஏனையவற்றை மெல்லப் படிப்பது நூலின் குற்றமன்று, படிப்போர் குற்றம். நாமும் அதனையே செய்கின்றோம். வாழ்க்கைத்துணைநலத்தில் மனைவியைக் குறித்த ஐந்தாங் குறளை மணமேடைதோறும் கூறுவோர், அதே நூல் பிறன் மனை நோக்காமையையும் கள்ளுண்ணாமையையும் ஆடவர்க்கு விதித்ததை அம்மேடையிற் கூறுவதில்லை.

இவ்விடத்தில் நம் நெறி ஒரு விளக்கம் தரவல்லது. அப்பர் ஆண்மகன், சம்பந்தர் ஆண்மகன், இருவரும் பெண்ணாக நின்று பாடினர். ஏன்? நாயகன் ஒருவனே, மற்றை உயிரெல்லாம், மீசை வைத்தனவும் வையாதனவும், நாயகியே என்பதைக் காட்டுதற்கன்றோ? திருச்சபையே மணவாட்டி எனின், அச்சபையிலுள்ள ஆடவனும் மணவாட்டியின் உறுப்பே. அவன் தன் இல்லத்தில் மணவாளன் இருக்கையில் ஏறி அமர்வானாயின், தன் தேவனின் இடத்தைக் கவர்ந்தவனாவான். இதனை அப்போதகரிடம் அன்று கூறியிருந்தால் என் விடை ஒருவாறு பயன்பட்டிருக்கும். "எம்மிடம் மேலானது உண்டு" என்றதனால் யார்க்கு என்ன பயன்?

இனி, இந்நாட்டு மண்ணோடு இயைந்த ஒன்றைக் கூறி முடிப்பேன். குமரிமுனையில் அன்னை மணக்கோலம் பூண்டு காத்திருந்தாள் எனவும், சுசீந்திரத்துப் பெருமான் நள்ளிரவில் மணம் கொள்ளப் புறப்பட்டபோது நாரதர் சேவலாய்க் கூவ, விடிந்ததெனக் கருதி அவர் மீண்டனர் எனவும், மணத்துக்கு வைத்த அரிசியே கடற்கரை மணலாயிற்று எனவும் இந்நாட்டார் வழங்கும் கதையை யாவரும் அறிவர். காத்திருக்கும் மணமகள் என்பது நாஞ்சில் நாட்டார்க்கு அயற்பொருளன்று. மத்தேயு சுவிசேஷத்திலே, விளக்கேந்தி மணவாளனை எதிர்நோக்கிய கன்னியர் பதின்மர் உவமையைக் கேட்கும் இந்நாட்டுக் கிறிஸ்தவர்க்கும் குமரியின் மூக்குத்தி ஒளி நினைவில் எழாமற் போகாது.

வெளிப்படுத்தின விசேஷம் மணமகளுக்கு மெல்லிய வெண்துகில் உடுத்துகின்றது. அத்துகில் தூயோரின் நற்செயல் என்று பொருளும் கூறுகின்றது. ஆனால் இத்தென் திருவிதாங்கூரில், தோளில் துகில் இட்டமைக்காகவே நாடார் குலத்துக் கிறிஸ்தவப் பெண்டிர் தெருவில் அடிபட்டனர். 1822 முதல் பன்முறை எழுந்த அக்கலகம், 1859இல் உத்திரந் திருநாள் மகாராசா விளம்பரத்தாலேயே ஒருவாறு அடங்கிற்று. அப்போதும் உயர்சாதி மகளிர் அணியும் முறையில் அணிதல் ஆகாதென்னும் தடை நின்றது. அடித்தவருள் நீறு பூசியவரும் இருந்தனர். துகிலுடுத்த மணவாட்டி என்னும் சொல்லை அப்பெண்டிர் தம் கோவிலில் இருந்து கேட்டபோது, அது வெறும் அலங்காரமாகத் தோன்றியிராது. தம் தோளிலிருந்து பறிக்கப்பட்ட சீலையை இறைவனே திரும்ப உடுத்துகின்றான் என்றே கேட்டிருப்பர். சித்தாந்த நுட்பம் ஆயிரம் கற்றும் அவர்க்கு அச்சொல்லை நாம் கொடுக்கவில்லை. அதனைக் கொடுத்தவர் வேறொருவர் என்பதை ஒப்புக்கொள்ளுதல் நம் சமயத்துக்கு இழுக்காகாது, மறைத்தலே இழுக்கு.

ஆகவே முடிந்த பொருள் இது. திருச்சபை மணவாட்டி என்னும் உருவகம் தூயது. அவர் கொள்கைக்கு வேண்டுவது. சித்தாந்திக்கு அதனை முழுதும் ஏற்றல் ஆகாது. உயிர்தோறும் பரிபாகம் வேறாகலானும், உருவகம் ஒருபுடையாகலானும், முடிந்த நிலை தாடலைபோற் கலத்தலாகலானும் என்க. எனினும் அவ்வுருவகத்தை இருபாலார்க்கும் சோதிக்கும் உரைகல் ஒன்றே: மணவாட்டியின் உடம்பிற் கூறுபாடு உண்டோ? மணவாளன் இருக்கையில் மனிதன் அமர்கின்றானோ? இவ்விரு வினாவுக்கும் இல்லையென விடை கூறவல்ல சபையும் அடியார் கூட்டமும் எங்குளவோ அங்கே யான் வணங்குவேன்.

அப்பெண்மணிக்கு இக்கட்டுரையின் ஒரு படியை அனுப்பவும் எண்ணியுள்ளேன். அன்று பந்தியில் அவர்க்கு யான் கூறாதுவிட்ட விடை இதுவே.

மெய்கண்டார் மலரடி வாழ்க.